நாய் நன்றாக இருக்கிறது, 28-ஆம் நாள் ஊசி எதற்கு?

கேள்வி: என் 7 வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. விரட்டப் போன என் கணவருக்கும் முழங்கையில் நகம் கீறி ரத்தம் கசிந்தது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனோம். மகனுக்குக் காயத்தைச் சுற்றிலும் குத்தி மருந்து ஏற்றினார்கள். அதுபோக இரண்டு கையிலும் தோலில் ஊசி போட்டார்கள். 3, 7-ஆம் நாள் ஊசிகள் முடிந்துவிட்டன. 28-ஆம் நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கடிக்கு முழுதாக ஊசி போட்டுக்கொண்டவர். அவருக்கு இந்த முறை இரண்டே ஊசி, காயத்தில் எதுவும் போடவில்லை. இன்றோடு 12 நாள் ஆகிறது. அந்த நாய் எங்கள் தெருவிலேயேதான் சுற்றுகிறது, நன்றாகத் தின்கிறது. "நாய்க்கு ஒன்றுமில்லை, இனி ஊசி வேண்டாம். நிலவேம்பும் நல்ல சாப்பாடும் கொடு, எதிர்ப்பு சக்தி இருந்தால் கிருமியை உடம்பே அழித்துவிடும்" என்கிறார் மாமியார். ஊசி முடியும்வரை கறி, மீன் கூடாது என்றும் சொல்கிறார்கள். காயத்தில் குத்தியது எதற்கு, கையில் போட்டது எதற்கு? கணவருக்குப் போட்டது போதுமா?

ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: 28-ஆம் நாள் ஊசியைப் போட்டுவிடுங்கள். கணவருக்குப் போட்டது போதும். கறி, மீன், முட்டை எதையும் நிறுத்த வேண்டாம். வளரும் பிள்ளையிடமிருந்து ஒரு மாதத்துக்குப் புரதத்தைப் பிடுங்குவதால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. ரேபிஸ் என்ற வெறிநோய் கண்ட நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, அதற்கு நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்துதான். குறி தெரிந்த நாய் சில நாட்களிலேயே செத்துவிடும். ஆகவே கடித்த நாய் 10 நாள் கழித்தும் தின்று, குரைத்து, ஓடிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்கு, நரி, கீரி கடித்தால் செல்லாது. கடித்தது அதே நாய்தான் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லையென்றால், இந்தக் கடியால் பையனுக்கு ரேபிஸ் வராது. தெருவில் ஒரே நிறத்தில் மூன்று நாய் திரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் ஊசியை நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். தோலில் போடும் முறையில் நாய் உயிரோடு இருந்தாலும் முழு வரிசையையும் முடிப்பதுதான் நம் நாட்டு வழிகாட்டல். கைத்தசையில் 0, 3, 7, 14, 28 என்று (0 என்பது முதல் ஊசி போடும் நாள்) ஐந்து ஊசி போடும் முறையில், நாய் நலமாக இருந்தால் 14-ஆம் நாள் ஊசியை விட்டுவிடலாம். அங்கும் 28-ஐ விடுவதில்லை. ஏன் அந்தக் கடைசி ஊசியை மட்டும் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது, உடம்பு ஒரு கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது என்பதைப் பார்த்தால் புரியும்.

முதலில் இந்த "எதிர்ப்பு சக்தி" என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கஷாயமும் கீரையும் ஊற்றி ஊற்றி நிரப்புவதற்கு அது ஒரு பானைத் தண்ணீர் அல்ல. உடம்பில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. முதல் அடுக்கு பிறவியிலேயே வருவது: தோல், விழுங்கும் வெள்ளையணுக்கள், இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கை ரசாயனங்கள். வந்தது எந்தக் கிருமி என்று இதற்குத் துல்லியமாகத் தெரியாது. "இது நம்முடையதல்ல" என்ற அளவில் சில பொது அடையாளங்களைக் கண்டு சில மணி நேரத்தில் பாயும். இரண்டாவது அடுக்கு பி செல், டி செல் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்கள். ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஏற்பியைச் சுமந்துகொண்டு திரியும். ரேபிஸ் வைரஸைப் பிடிக்கக்கூடிய பி செல்கள் உங்கள் மகனின் உடம்பில் கடிபடுவதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவை மிக மிகச் சொற்பம். அந்தச் சிலர் கிருமியைச் சந்தித்து, பெருகி, படையாக மாறக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். நிலவேம்பு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த ஒரு வாரம் குறையாது.

பெரும்பாலான கிருமிகளோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகும். சளி வைரஸ் செல்களைக் கொல்லும், வீக்கம் வரும், காய்ச்சல் வரும், அந்த அமளியே பாதுகாப்புப் படையை அழைத்துவிடும். ரேபிஸ் அமளியே செய்யாது. கடிபட்ட தசையில் வைரஸ் மிகக் குறைந்த அளவில் பெருகும், அல்லது பெருகாமலே கிடக்கும். அதன் 'பி' என்ற புரதம் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை அமுக்கிவிடும். பிறகு தசையும் நரம்பும் சேரும் இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பின் உள்ளேயே நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் தண்டுவடத்தை நோக்கி ஏறும். ரத்தத்தில் கலக்காது. நரம்புச் செல்லை உடைக்கவும் செய்யாது. காவல் செல்களுக்குப் பார்க்கவே கிடைக்காத ஒன்றை அவை எப்படிப் பிடிக்கும்? நோய்க்குறி வந்த பிறகு சோதித்தால்கூடப் பல நோயாளிகளின் ரத்தத்தில் முதல் சில நாட்களுக்கு எதிர்ப்பான் (கிருமியைப் பிடிக்க பி செல்கள் தயாரிக்கும் புரதம், ஆன்டிபாடி) தென்படுவதில்லை. தென்படும்போது வைரஸ் மூளையில் இருக்கும். நோய்க்குறி வந்த பிறகு பிழைத்தவர்கள் உலகம் முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நன்றாகச் சாப்பிட்டு உடற்பயிற்சி செய்யும் இளைஞரும் இதில் தப்புவதில்லை.

ஆனால் இதே மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசமும். கடித்ததிலிருந்து நோய்க்குறி தோன்றப் பொதுவாக 1 முதல் 3 மாதம் ஆகும். முகம், தலை, விரல் நுனி என்றால் குறையும், ஏனென்றால் அங்கே நரம்பு முனைகள் நெருக்கம். தலை என்றால் மூளைக்குத் தூரமும் குறைவு. சில நேரம் ஒரு வாரத்திலும் வந்திருக்கிறது, ஒரு வருடம் தாண்டியும் வந்திருக்கிறது. இந்த அவகாசத்துக்குள், காயத்தில் இருக்கும் வைரஸ் நரம்புக்குள் நுழையும் முன்பே, எதிர்ப்பானை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நரம்புக்குள் போய்விட்ட வைரஸை எதிர்ப்பான் தொடுவது கடினம்.

இப்போது உங்கள் மகனுக்குச் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள்.

காயத்தில் குத்தியது சீரம் ஊசி. அது தடுப்பூசி அல்ல. ஏற்கெனவே தடுப்பூசி போடப்பட்ட குதிரையிடமிருந்தோ மனிதர்களிடமிருந்தோ பிரித்தெடுத்த, தயார் நிலையில் உள்ள எதிர்ப்பான். சில இடங்களில் ஆய்வகத்தில் உருவாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி போடுகிறார்கள், வேலை ஒன்றுதான். உடம்பு சொந்தமாகத் தயாரிக்கும் வரையுள்ள அந்த ஒரு வார இடைவெளியை இது அடைக்கிறது. அளவு எடைப்படி: குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் கிலோவுக்கு 20 யூனிட். பையன் 18 கிலோ என்றால் குதிரைச் சீரம் 720 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் இருக்கும் மருந்தில் அது 2.4 மில்லி. மனிதச் சீரம் 360 யூனிட். அது மில்லிக்கு 150 யூனிட் வீதம் வருவதால் அதுவும் 2.4 மில்லிதான். இதை ஒவ்வொரு பல் குழியின் ஆழத்திலும் ஓரத்திலும் செலுத்த வேண்டும். காயம் பல இடத்தில் இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கி எல்லாக் காயத்துக்கும் பகிர்வார்கள். ஒரு பல் தடத்தைக்கூட விட்டுவிடக் கூடாது. பிள்ளை அலறுவதைப் பார்த்துப் பெற்றோர் "இடுப்பில் போட்டுவிடுங்களேன்" என்று கெஞ்சுவதுண்டு. இடுப்பில் போட்ட எதிர்ப்பான் உடம்பு முழுக்கப் பரவி நீர்த்துப்போய்விடும். வைரஸ் நிற்கும் கெண்டைக்காலில் தேவையான செறிவு கிடைக்காது.

எதிர்ப்பான் அங்கே என்ன செய்கிறது? ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவில் இருக்கும். அதன் மேல்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது 'ஜி' என்ற ஒரே புரதம். நரம்பைப் பிடித்துக்கொள்ள வைரஸுக்கு இருக்கும் பிடிமானமும் அதுதான். எதிர்ப்பான்கள் அந்த முட்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டால் வைரஸால் நரம்பு முனையைப் பற்ற முடியாது. எதிர்ப்பான் மூடிய வைரஸை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் அடையாளம் கண்டு உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்.

கையில் போட்டதுதான் தடுப்பூசி. ஆய்வகச் செல்களில் வளர்த்து, ரசாயனத்தால் கொல்லப்பட்ட முழு வைரஸ். அதனால் நோய் வர வழியே இல்லை, ஆனால் அந்த 'ஜி' முட்கள் வடிவம் மாறாமல் இருக்கும். செவிலியர் மெல்லிய ஊசியைப் படுக்கைவாக்கில் பிடித்து, தோலின் மேல் அடுக்குக்குள் 0.1 மில்லி செலுத்தியதைப் பார்த்திருப்பீர்கள். மயிர்க்கால் குழிகள் தெரியும்படி அந்த இடம் வெளிறிப் புடைத்து எழ வேண்டும். எழவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது; பக்கத்தில் மறுபடி போட வேண்டும். தசையில் போட்டால் ஒரு முழுக் குப்பி தேவைப்படும் வேலையை இரண்டு கையிலும் சேர்த்து 0.2 மில்லி செய்துவிடுவதற்குக் காரணம், டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல்கள் தோலில் நெருக்கமாக இருப்பதுதான். அவை செத்த வைரஸை விழுங்கி, துண்டு துண்டாக்கி, நிணநீர் வழியாக அக்குளில் உள்ள கணுக்களுக்குக் கொண்டுபோகும். புண் வந்தால் நெறி கட்டுகிறது என்போமே, அந்தக் கணுக்கள்தான். இரண்டு கையில் போடுவதால் இரண்டு அக்குளிலும் வேலை தொடங்கும்.

கணுவுக்குள் நடப்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. டென்ட்ரிடிக் செல், தான் வெட்டிய வைரஸ் துண்டுகளைத் தன் மேல்பரப்பில் ஏந்திக் காட்டும். ஆயிரக்கணக்கான டி செல்கள் வந்து உரசிப் பார்த்துவிட்டுப் போகும். பொருந்தும் ஏற்பி உள்ள உதவி டி செல் ஒன்று அங்கேயே நின்று பெருகத் தொடங்கும். இன்னொரு பக்கம், 'ஜி' முள்ளை நேரடியாகப் பிடிக்கத் தெரிந்த பி செல் அதைப் பிடித்து விழுங்கி, அதே துண்டுகளை உதவி டி செல்லிடம் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பி செல்லுக்குப் பெருக அனுமதி. ஒற்றை ஆளின் பேச்சை நம்பிப் படை கிளம்பாது என்பது இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம்; இது இல்லையென்றால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகமாகிவிடும். அனுமதி கிடைத்த பி செல் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை இரட்டிக்கும். ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறி எதிர்ப்பானைக் கொட்டும். முதலில் வருவது ஐ.ஜி.எம். வகை, பிறகு ஐ.ஜி.ஜி. ரத்தத்தில் இவை அளவிடும்படி தெரிய 7 முதல் 10 நாள். 14-ஆம் நாள் வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் பாதுகாப்பு அளவான மில்லிக்கு 0.5 யூனிட்டைத் தாண்டிவிடும். 0, 3, 7 என்று நெருக்கி நெருக்கிப் போடுவது இந்த முதல் படையைச் சீக்கிரம் எழுப்பத்தான்.

மீதமுள்ள பி செல்கள் கணுவிலேயே தங்கி, தம் எதிர்ப்பான் மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் செய்துகொண்டு, முன்னைவிட இறுக்கமாகப் பிடிப்பவை மட்டும் தேறும் ஒரு போட்டியில் இறங்கும். இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். தேறியவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகி ஆண்டுக்கணக்கில் இருக்கும். 28-ஆம் நாள் ஊசி போய்ச் சேருவது இந்தத் தேறிய கூட்டத்திடம். அதைப் பெருக்கி நிலைநிறுத்துகிறது. தெருநாய் உள்ள ஊரில் வளரும் 7 வயதுப் பையனுக்கு இது கடைசிக் கடியாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் நாய் நலமாக இருந்தும் போடச் சொல்கிறேன். அன்றைக்குப் போக முடியாமல் இரண்டு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, போய் அந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

கணவரின் விஷயம் இதே கதையின் அடுத்த பாகம். அவரிடம் நினைவுச் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் ஒவ்வோர் இடத்தில் 0.1 மில்லி போட்டால், அவை சில நாட்களிலேயே எதிர்ப்பானைப் பன்மடங்கு உயர்த்திவிடும். சீரம் கொடுத்து அடைக்க வேண்டிய இடைவெளியே அவருக்கு இல்லை. கொடுத்தால் உபத்திரவமும் உண்டு: வெளியிலிருந்து வந்த எதிர்ப்பான், தடுப்பூசியில் உள்ள 'ஜி' முட்களை மூடி மறைத்து, பி செல்கள் பார்க்கவிடாமல் செய்யும். மகனுக்குக்கூட, முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டியிருந்தால் சீரம் போட்டிருக்கமாட்டார்கள். அளவுக்கு மேல் போடாததும், தடுப்பூசி போட்ட இடத்திலேயே போடாததும் இதனால்தான். முழு வரிசை முடித்து 3 மாதத்துக்குள் மறுபடி கடித்தால் காயத்தைக் கழுவினால் போதும், ஊசியே வேண்டாம். ஆனால் இதெல்லாம் முந்தைய வரிசையை முழுதாக முடித்தவர்களுக்கு, அதற்குச் சீட்டு உள்ளவர்களுக்கு. "ஏதோ இரண்டு மூன்று ஊசி போட்ட ஞாபகம்" என்றால் புதிதாகக் கடிபட்டவராகவே கருதிச் சீரத்தோடு தொடங்குவார்கள். ஆகவே இருவரின் ஓ.பி. சீட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

"ஊசி போட்டும் இறந்துவிட்டாரே" என்று எங்காவது கேள்விப்பட்டு மாமியார் பயப்படலாம். அப்படிப்பட்டவற்றை அலசினால் திரும்பத் திரும்ப வருவது சில ஓட்டைகள்தான். காயத்தைக் கழுவாமல் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் அப்பியது. ரத்தம் வந்த காயம் என்றும் சீரம் போடாதது, அல்லது போட்டும் ஒரு சிறு கீறலை விட்டுவிட்டது. சீரம் போடும் முன்பே தையல் போட்டது. தையல் ஊசி வைரஸை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கிவிடும், காவல் செல்களும் குறைவு. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்காத மருந்து. எல்லாவற்றையும்விட அதிகம், "பார்க்கலாம்" என்று நாள் கடத்தியது. கழுவுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்து, உடம்பின் படை செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடும்.

வயதானவர்கள் நாய்க்கடி ஊசி என்றாலே முகம் சுளிப்பதற்கும் நியாயம் உண்டு. அவர்கள் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி போட்டார்கள். ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, அந்த மூளையையே அரைத்துச் செய்த மருந்து அது. 1911 வாக்கில் இமாசலத்தில் உள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் உருவாக்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல காலம் தயாரானது. அதில் வைரஸோடு ஆட்டு நரம்பின் உறைப் புரதமும் சேர்ந்தே போனது. நோயெதிர்ப்பு மண்டலம் காட்டியதையெல்லாம் கற்றுக்கொள்ளும். நாம் எதைக் காட்ட நினைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஆட்டு நரம்புறையும் மனித நரம்புறையும் ஒத்திருப்பதால் சிலருக்கு அது சொந்த நரம்பையே தாக்கி, கைகால் விழுந்துபோனது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதை நிறுத்தியாயிற்று. இப்போதைய மருந்தில் மூளைத் திசு கிடையாது. ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு, ஒரு நாள் லேசான காய்ச்சல் வரலாம், பாரசிட்டமால் போதும்.

28-ஆம் நாளுக்கு முன் இரண்டைக் கவனியுங்கள். பையனுக்கு வீசிங் அல்லது வேறு எதற்காவது ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ ஓடுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அது பி, டி செல்களின் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். குதிரைச் சீரம் போட்டிருந்தால், போட்ட ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் தடிப்பு, மூட்டு வலி, காய்ச்சல் சேர்ந்து வரக்கூடும். குதிரைப் புரதத்தை அந்நியமாக அடையாளம் கண்டதன் விளைவு அது, ரேபிஸ் அல்ல. நீங்கள் இப்போது சரியாக அந்த நாட்களில்தான் இருக்கிறீர்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் 28 வரை காத்திருக்காமல் சீட்டோடு போய்க் காட்டுங்கள்.